பீரோவில் பூட்டிய காது

ரிக் வண்டிக்காரர் வீட்டில் ரகசியம் தங்காது என்பதை வசந்தாமணி கல்யாணமாகி வந்த புதிதிலேயே தெரிந்துகொண்டாள். புருஷன் குருமூர்த்தி போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நின்று நின்று காது முக்கால்வாசி போயிருந்தது. குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்பதானாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரித்தான் கேட்க வேண்டும். நாத்தனாரைப் பற்றிக் குறை சொல்வதானால் நாத்தனார் காதுபடத்தான் சொல்ல வேண்டியிருந்தது. திருச்செங்கோட்டைச் சுற்றி இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். ராஜஸ்தான், சட்டீஸ்கர் என்று வண்டியோடு போய் மாதக்கணக்கில் பாறையைத் துளைத்துவிட்டு வருகிற ஆண்களும், அவர்கள் வந்து இறங்கியதும் தொண்டையைத் தயார் செய்துகொள்கிற பெண்களும் உள்ள ஊர்கள் இவை.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அவள் ஒரு ரகசியத்தை ஒரு வருஷத்துக்கு மேல் காப்பாற்றினாள். அதைக் காப்பாற்றாமல் இருந்திருக்கலாம்.

அந்த நாத்தனார் பெயர் அத்தாயி. குருமூர்த்திக்கு அக்காள். தாய் சின்ன வயதிலேயே போய்விட, தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். மேச்சேரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போன பிறகும் செம்மறிகளை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளியவள். குருமூர்த்தி ரிக் வேலையை விட்டு ஊரோடு வந்து உட்கார்ந்தபோது, மகன் செந்தமிழன் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காது மிஷின் வாங்கிக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொள்ள அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஊர்க்காரர்கள் வம்பு பேசுவதைக் கேட்பதற்கா மிஷின் என்பார். ஆனால் தினமும் காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்ததும், முகம் கழுவி, தலையைச் சீவி, மிஷினை மாட்டிக்கொண்டு செல்போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அது அக்காள் கூப்பிடும் நேரம்.

பேச்சில் ஒன்றும் இருக்காது. எல்லாம் ஆடுதான். "காதுல வெள்ளை இருக்கறது குட்டி போட்டுருச்சா?" என்பார் இவர். "அது இல்லடா, அதோட ஆத்தா போட்டுருக்குது" என்பாள் அவள். எந்த ஆட்டுக்கு எது குட்டி, எந்தக் கிடாய் எந்தக் கோயிலுக்கு நேர்ந்தது, போன வருஷம் காணாமல் போனது எது என்று அக்காள் பட்டியில் நிற்கும் ஆடுகளின் வம்சாவளி முழுவதும் தம்பியின் தலையில் இருந்தது. வசந்தாமணிக்கு இது பெரிய வேடிக்கை. "என்ற பொறந்தநாளு தெரியாது, அக்கா ஊட்டு ஆட்டோட பொறந்தநாளு தெரியும்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிச் சிரிப்பாள். அந்த ஆட்டுப் பேச்சு அந்த மனுஷனின் தலைக்கு எவ்வளவு பெரிய வேலை கொடுத்திருந்தது என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

பிறகு மாரடைப்பு வந்தது. பீடியும் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் சேர்ந்து கொண்டுவந்து விட்டன என்றார்கள். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "கொஞ்ச நாளைக்கு அதிர்ச்சியான சேதி எதுவும் சொல்லாதீங்க" என்றார். வசந்தாமணி 'கொஞ்ச நாளைக்கு' என்பதை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, மீதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

நெஞ்சில் தையல் ஆறுவதற்குள் அத்தாயி போய்விட்டாள். பட்டியில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

இங்கேதான் சிக்கல். ஒரு பெண் செத்தால் பிறந்தவன் கோடி வர வேண்டும். கூடப் பிறந்தவன் புதுச்சேலை கொண்டுபோய் அவள் மேல் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். எத்தனை பேர் அழுதாலும், எத்தனை மாலை விழுந்தாலும், அந்தச் சேலை வராமல் பிணம் வாசலைத் தாண்டாது. அத்தாயிக்குக் கோடி போட உலகத்தில் இருந்தது ஒரே ஒருத்தர். அவர் நெஞ்சில் தையலோடு கட்டிலில் படுத்திருந்தார்.

"அப்பாகிட்டச் சொன்னா அப்பாவும் போயிருவாரும்மா" என்றான் செந்தமிழன். உறவுக்காரர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். மகனே கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு மேச்சேரிக்குப் போனான். அப்பனுக்குப் பதில் மகன் என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

கோடி ஒரு வழியாக முடிந்துவிட்டது. காதுதான் மிச்சம். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் வாசலில் நின்று பேசுவார்கள், போனில் ஆட்கள் கூப்பிடுவார்கள், பக்கத்து வீட்டு ஆராயி சும்மா இருக்கவே மாட்டாள். அதனால் குருமூர்த்தி குளிக்கப் போயிருந்த நேரத்தில் வசந்தாமணி ஜன்னல் மேடையிலிருந்த மிஷினை எடுத்தாள். இளம்பிள்ளையில் வாங்கிக் கட்டாமல் வைத்திருந்த அரக்கு நிறச் சேலை ஒன்றின் மடிப்புக்குள் அதைச் சொருகி, பீரோவைப் பூட்டினாள். அவர் வந்து தேடியபோது, கீழே விழுந்து கெட்டுவிட்டது, ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சைகையும் கத்தலுமாகச் சொன்னாள். அவர் ஒரு குழந்தையைப் போல நம்பினார். அதுதான் அவளுக்குக் கொஞ்சம் வலித்தது.

கருமாதி முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். முடிந்தது. அடுத்த செக்கப் வரட்டும் என்றாள். வந்து போனது. ஆடி கழியட்டும், தீபாவளி கழியட்டும் என்று போய்க்கொண்டே இருந்தது. இதில் ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு அந்த அமைதி பழகிவிட்டது. கத்த வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். வேளைக்கு மாத்திரை, உப்பில்லாத சோறு, குளிக்க வெந்நீர். தோட்டமும் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டாகிவிட்டது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்துவிட்டால் பொழுது போய்விடும். அவர் சத்தமில்லாத டிவியைப் பார்ப்பார். வீட்டுக்கு வருகிற உறம்பரைகள் அவரைப் பார்த்து வேண்டியதற்கு மேல் சிரித்துவிட்டுப் போவார்கள்.

முதலில் தினமும் கேட்டார். "அக்கா போன் பண்ணுச்சா?" அவள் ஆமென்று தலையாட்டுவாள். "ஆடெல்லாம் நல்லா இருக்குதாமா?" அதற்கும் தலையாட்டுவாள். ஆடுகளை விற்று வெகுநாளாகியிருந்தது. பிறகு அவர் எப்போதாவது கேட்டார். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார். நல்லவேளை, மறந்துவிட்டார் என்று வசந்தாமணி நிம்மதியாக மூச்சுவிட்டாள். ஐயோ, அந்த மூச்சை இப்போது நினைத்தால் அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறதி அக்காளோடு நிற்கவில்லை. மாத்திரையை வாயில் போட்டதாக நினைத்துச் சட்டைப் பையில் போட்டார். சாப்பிட்ட கை காயும் முன்பே சோறு எங்கே என்றார். ஒருநாள் ஆராயி வீட்டுக்குள் போய் அவர்கள் கட்டிலில் படுத்துக்கொண்டார். கல் பொடியின் நிறத்தைப் பார்த்தே அடியில் தண்ணீர் உண்டா இல்லையா என்று சொன்ன மனுஷன், தன் தோட்டத்து மோட்டார் சுவிட்சுக்கு முன்னால் நின்று, இது எதற்கு என்று கேட்டார். அதோடு கோபமும் போய்விட்டது. அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது. குருமூர்த்தியின் கோபம் ஊர் அறிந்தது. சோற்றில் ஒரு கல் கிடந்தால் தட்டு வாசல் தாண்டிப் போய் விழும். அந்தக் கோபத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் புலம்பியவள், இப்போது செங்கோட்டு மலை மேல் இருக்கிற சாமியிடம், ஒரே ஒரு தடவை இவர் என்னைத் திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் இந்த முறை சரிதா என்ற பெண் டாக்டர் இருந்தார். இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா. நல்லாப் பாத்திருக்கீங்க" என்றார். வசந்தாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடுதான் மறதியைப் பற்றிச் சொன்னாள்.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொல்லிக் கையால் காட்டினார். குருமூர்த்தி பேனாவைப் பிடித்து மெதுவாக ஒரு வட்டம் போட்டார். நல்ல வட்டம். அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்து நிமிர்ந்து பார்த்து, "ஆறரை இஞ்சு" என்றார். போர்வெல் குழியின் அகலம் அது. டாக்டருக்குப் புரியவில்லை. வசந்தாமணிக்குப் புரிந்து, சிரிப்பு வந்து, சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

"மாடு, குடை, சாவி. திருப்பிச் சொல்லுங்க" என்றார் டாக்டர். குருமூர்த்தி அவருடைய வாயைப் பார்த்துப் புன்னகை செய்தார். டாக்டர் சட்டென்று நிறுத்தி, எழுந்து வந்து அவர் காதைப் பார்த்தார்.

"காது கேக்காதா இவருக்கு? மிஷின் இல்லையா?"

"இருக்குதுங்க. ரிப்பேருக்குப் போயிருக்குதுங்க."

"எத்தனை நாளா?"

வசந்தாமணி முந்தானையை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

டாக்டர் கோபப்படவில்லை. உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "இதயம் கெட்டவங்களுக்கு மூளைக்குப் போற ரத்தமும் குறையும்மா. பிபி, சுகர், பீடி, நாடி தாளம் தப்பித் துடிக்கறது எல்லாமே மூளையைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். இவருக்கு அத்தனையும் இருந்திருக்கு. அதுக்கெல்லாம் மாத்திரை தர்றோம். ஆனா காது கேக்காம, பேச ஆள் இல்லாம, வேலை இல்லாம ஒரே இடத்துல உக்காந்திருந்தா அதுவும் சேந்துக்கும். இதனாலதான்னு ஒண்ணை மட்டும் பிரிச்சுச் சொல்ல முடியாது. எல்லாம் கூடித்தான் வரும்."

"மிஷினைப் போட்டா சரியாயிருங்களா?"

"போனது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. இருக்கறதைப் பிடிச்சு வைக்கலாம். இன்னைக்கே போடுங்க. பேசுங்க, நடக்க வைங்க, ஆளுங்களைப் பாக்க விடுங்க. அவரை நீங்க பொத்திப் பொத்தி வெச்சுட்டீங்கம்மா."

பஸ்ஸில் திரும்பும்போது குருமூர்த்தி ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். வசந்தாமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள், வயதான காலத்தில் என்ன பாசம் என்று நினைத்திருப்பார்கள். அவளோ மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். பீடி அவர் பிடித்தது, சர்க்கரை அவர் வம்சத்தில் வந்தது. காதைப் பிடுங்கியது மட்டும் இவள் கை.

வீட்டுக்கு வந்து மகனுக்குப் போன் போட்டாள்.

"மிஷினை எடுத்து அப்பா காதுல மாட்டிப் போடறேன் சாமி."

"அப்பறம் அத்தையைக் கேப்பாரேம்மா? ஹார்ட்டு தாங்குமா?"

"ஹார்ட்டு நல்லா இருக்குதாம். ஹார்ட்டு மட்டுந்தான் நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் திருச்செங்கோடு போய்ப் புது பேட்டரி வாங்கி வந்து மிஷினில் போட்டு, அவர் காதில் மாட்டினாள். அது கீயென்று கத்தியது. அவர் தலையை உதறினார். பிறகு அப்படியே அசையாமல் உட்கார்ந்து, "எங்கயோ ஆடு கத்துது" என்றார்.

"ஆராயி ஊட்டு ஆடுங்க!"

"ஏன் இப்பிடிக் கத்தற? கேக்குது" என்றார்.

திட்டுதான். சின்னத் திட்டு. வசந்தாமணி சமையல்கட்டுக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். வெண்டைக்காய் விலை, ஆராயியின் மருமகள் சண்டை, மழை வரும் வராது என்று வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். சாயங்காலமானால் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனாள். அவர் சில நேரம் பதில் சொன்னார், சில நேரம் வெறித்துப் பார்த்தார். ஒருநாள் ராஜஸ்தானில் ரிக்கின் பாறை உடைக்கிற ஹேமர் குழிக்குள் சிக்கிக்கொண்ட கதையை ஆரம்பித்து, பாதி வரைக்கும் தப்பில்லாமல் சொன்னார். அவள் அந்தப் பாதிக் கதையை மகனிடம் போனில் முழுசாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அவள் பயந்த நேரமும், காத்திருந்த நேரமும் ஒரு மத்தியானம் சேர்ந்தே வந்தன. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தவர் கேட்டார். "அக்கா ஏன் போனே பண்றதில்ல?"

தலையாட்டிவிட்டு உள்ளே போயிருக்கலாம். அவள் போகவில்லை. எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா போயிட்டாங்க."

கேட்கவில்லையோ என்று அவள் திரும்பச் சொல்ல வாயெடுத்தபோது, "எப்ப?" என்றார்.

"நீங்க ஆபரேசன் பண்ணி வந்த பொறகாலங்க."

"கோடி?"

அந்த ஒரு சொல்லில் பழைய குருமூர்த்தி முழுசாக இருந்தார். வசந்தாமணி அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "நம்ம பையன் கொண்டுபோய்ப் போட்டானுங்க."

அவர் அவளையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. "மிஷினு ரிப்பேருன்னு சொன்னியே" என்றார்.

"தப்புத்தானுங்க. உங்க உசுருக்குப் பயந்துதான் பண்ணிப்போட்டேன். திட்டுங்க. அடிக்கக்கூட அடிங்க" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் திட்டவில்லை. கையை மெதுவாகத் தூக்கி, மிஷினைக் காதிலிருந்து கழற்றி, அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். "இது ரிப்பேருலயே இருக்கட்டும்" என்றார்.

வசந்தாமணி கத்தினாள். என்னென்னவோ சொல்லிக் கத்தினாள். ஆராயி வெளியே வந்து பார்த்தாள், தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தார்.

அழுது முடித்த பிறகு அவளுக்குள் ஒரு கோணலான சந்தோஷம் எழுந்தது. மாடு, குடை, சாவி தங்காத தலையில் அக்காள், கோடி, ரிப்பேர் தங்கியிருக்கிறதே! மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தன்னைப் பிடித்துவிட்டாரே! அப்படியானால் மனுஷன் உள்ளே இருக்கிறார். கோபித்துக்கொள்ளட்டும். மாதக்கணக்கில் கோபித்துக்கொள்ளட்டும். காலையில் முதல் வேலையாக அவரை மேச்சேரிக்குக் கூட்டிப்போவது, அக்காளை அடக்கம் செய்த இடத்தில் அவர் கையாலேயே ஒரு சேலையைப் போட வைப்பது என்று முடிவு செய்தாள். வேறு சேலை தேடவில்லை. மிஷினை ஒளித்து வைத்திருந்த அந்த அரக்குச் சேலையையே எடுத்து, தேங்காய், பழத்தோடு கூடையில் வைத்தாள்.

காலையில் அவள் தயாராகி நின்றபோது குருமூர்த்தி பின்கட்டிலிருந்து வந்தார். முகம் கழுவியிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். கையில் செல்போன். முகத்தில் நேற்றைய சுவடே இல்லை. நேராக அவளிடம் வந்து, காது குத்திக்கொள்ளும் பிள்ளையைப் போலத் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார்.

"மிஷினை வெச்சு உடு. அக்கா போன் பண்ற நேரமாச்சு. அந்தக் காதுல வெள்ளை இருக்கறது குட்டி போட்டுருச்சான்னு கேக்கோணும்."

வசந்தாமணி கூடையைப் பிடித்தபடி நின்றாள். அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏது புதுச்சேலை? அக்காளுக்கா?" சேலையின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "அரக்குன்னா அதுக்கு நெம்பப் புடிக்கும். கட்டுனா நல்லா இருக்கும்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். அவர் காதைத் தொட்டு, மிஷினை வைத்து, அது கீயென்று கத்தி அடங்கும்வரை உள்ளங்கையால் பொத்தினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஏனுங்க, செத்த உக்காருங்க" என்றாள், கத்தாமல். "ஒண்ணு சொல்லோணும்."